மண்டி வாசலில் பத்து நிமிடம்

குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கிய அன்று இடது காலில் அட்டை கடித்தது. மலைக்குப் போகிற எவனுக்கும் நடப்பதுதான். சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்த்தேன். புண் ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காத புண் உங்களுக்கும் இருந்தால், இதை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். பிறகு படிக்கலாம்.

நான் போகவில்லை. பெருவிரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் மனைவி செல்லம்மா மதுரைக்கு இழுத்துப் போனாள். நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகுவது) இருப்பதே அங்குதான் தெரிந்தது. கேங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது) என்றார் டாக்டர். விரலை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

“வெரலோட போகணும்னா ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கணும்.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகும் அந்தப் பாதம் அரித்தது. சொறியக் குனிந்து குனிந்து ஏமாந்தேன். இது பல பேருக்கு வருமாம். எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போடியில் ஏலக்காய் மண்டியொன்றில் நான் மேஸ்திரி. காலையில் மூட்டை பிரிக்கும்போது வாசலில் இருந்தாக வேண்டும். ஒரு மாதம் பார்ப்பேன், முடியாவிட்டால் வேறு ஆள் என்றார் முதலாளி. மச்சானின் மாட்டுவண்டி இருந்தது. ஆனால் ஆள் ஏற்றி வரும் வண்டி காலையில் மண்டித் தெருவில் நிற்கக் கூடாது. வண்டிப்பேட்டையில் இறங்கி நடக்க வேண்டும். அக்குளில் கட்டை ஊன்றி நடந்து சேர்வதற்குள் தொங்கும் காலில் ரத்தம் இறங்கி வீங்கி, வெட்டிய இடம் மறுபடி கசியும். இப்படியே போனால் முழங்காலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாசலில் வண்டி நிறுத்த உத்தரவுச் சீட்டு கேட்க, நானும் செல்லம்மாவும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா பழைய காகிதக்கட்டை அவிழ்த்தார்.

“வண்டி நிக்கக் கூடாதுன்னு மனு குடுத்தது யாரு, மேஸ்திரி?”

“நாந்தான். அப்ப ரெண்டு காலு இருந்துச்சு.”

செல்லம்மா சிரித்துவிட்டாள். “இந்த மனுசன் கேட்டதுல இது ஒண்ணுதான் பலிச்சிருக்கு.”

அந்த மனுவுக்குக் காரணமே மிளகு வியாபாரி ராவுத்தரின் வண்டி. பக்கவாதத்தில் (உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) அவருக்கு ஒரு கால் விளங்காது. அவர் எங்கள் மண்டி வாசலில் இறங்கி முடிக்கும்வரை மூட்டை சுமப்பவர்கள் காத்து நிற்பார்கள். சோலி கெடுகிறதென்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவர் பேட்டையிலிருந்து நடந்துதான் வந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வாரம் அலையவிட்டு, மச்சானின் வண்டிக்குச் சீட்டு கொடுத்தார்கள். வாசலில் பத்து நிமிடம் நிற்கலாம். முதல் நாள் கட்டையைத் தரையில் ஊன்ற முடியாமல் தடுமாறினேன். என்னிடம் திட்டு வாங்கியே பழகிய சுமைக்காரன் ஒருவன் பின்னாலிருந்து, “அண்ணே, வெரசா. லோடு நிக்குது,” என்றான். அது அவர்களை விரட்ட நான் சொல்லும் வார்த்தை.

மறுநாள் பேட்டையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ராவுத்தர் நடக்கத் தொடங்கியிருந்தார். சீட்டு வண்டிக்குத்தான், அதில் யார் வந்தாலும் செல்லும், ஏறுங்கள் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார்.

“நான் ஏறவே நேரமாகுமே, மேஸ்திரி. சோலி கெடாதா?”

“கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. ஏறுங்க, பாய்.”

இப்போது அரித்தால் குனிவதில்லை. மண்டிக் கடிகாரத்தில் பார்த்து வைத்திருக்கிறேன்: இறங்க எனக்கு நாலு நிமிடம், அவருக்கு ஆறு. அத்தனை வருடம் வாசலில் நின்று அவர் வருவதைப் பார்த்தேன். மனுசன் ஆடி அசைந்து வருகிறார் என்றே நினைத்தேன். அவர் வெரசாகத்தான் வந்திருக்கிறார்.