ரிலேயின் அடியில் ஒரு பொட்டு

துடியலூரில் அந்தக் கார் எலக்ட்ரீஷியனைப் பார்க்கும் முன்பே எனக்குச் சந்தேகம்தான். ஒல்லியான மனிதர். கழற்றும் எதையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். என் பழைய சின்னக் காரில் ஏசி ஓடவில்லை. ஏசிக்குக் கரண்ட் விடும் சின்ன டப்பியான ரிலே நல்லதாக இருந்தாலும், அதைச் சுருட்டிக்கொண்டு வேறு கருகியதைக் காட்டுவார்களே என்று, வீட்டிலேயே அதன் அடியில் நகப்பூச்சால் புள்ளி வைத்துவிட்டுத்தான் போனேன்.

ரிலேயைக் கழற்றி முகர்ந்தார். "கருகிப்போச்சுங்க அம்மணி."

"நெசமாவாங்க?" என்றேன்.

ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகினார். குளிர்காற்று வந்தது. அதைத் திருப்பி ஹாரனுக்கே மாட்டிவிட்டு, ஏசிக்குப் புதிதாக ஒன்று போட்டார்.

பழையதை, புள்ளி மேலே தெரியும்படி என் கையில் வைத்தார். "புதுசுக்கும் ஒரு பொட்டு வெச்சுப்போடுங்க. அடுத்த மெக்கானிக் மாத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. கிண்டலா, அக்கறையா, இன்னும் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஏசி போட்டால் எனக்கு வியர்க்கிறது.