இரண்டாவது தோல்வி

ரெட் காய் மூலைக் குழியில் விழுந்தது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் காயையும் ஃபாலோவாக இறக்கிவிட்டுப் பூதலிங்கம் கையை உதறினார். பாளையங்கோட்டை மண்டபத்தில் கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கோப்பையோடு எழுந்தார்.

எதிரே இருந்த டார்லின் மட்டும் எழவில்லை. காய்களை நடுவட்டத்தில் மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

"எக்கா, ஆட்டம் முடிஞ்சிட்டுல்லா?" என்றான், போட்டியை நடத்தும் ஹெப்ரான்.

"முடியல. ரெண்டு தடவ தோத்தாத்தான் வெளியன்னு நோட்டீஸ்ல போட்டது யாரு? காலைல அண்ணாச்சி எங்கிட்ட தோத்தாரு. வீட்டுக்கா அனுப்பினிய? தோத்தவங்களோட ஆடவிட்டு மறுபடி கொண்டாந்து உக்கார வச்சிய. நான் இப்பந்தான் மொதத் தடவ தோத்திருக்கேன்."

"ஃபைனல்னா ஒண்ணுதான்க்கா. ஆறு மணிக்கு இங்கன நிச்சயதார்த்தம். சேர் போட ஆள் வந்துட்டு."

"பொண்ணுக்கு மோதிரம் போட்டுட்டுத்தான் எந்திப்பா போலுக்கே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. டார்லின் காய்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். மழை விடாத நாட்களில் அங்கே பழகிய ஆட்டம் இது. தோட்டத்தை மூடி எல்லோரையும் மலையை விட்டு இறக்கியபோது அவளும் இறங்கினாள். கல்லிடைக்குறிச்சியில் இப்போது அப்பளம் போடுகிறாள். இறங்கிய அன்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் மாறியிருக்காது என்பாள். இது கேட்டால் மாறும் என்று பட்டது.

பூதலிங்கம் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"இங்கன பாரு தாயி. எனக்கும் ஒரு ஞாயம் உண்டும். உங்கிட்ட தோத்த பொறவு மூச்சு விடாம நாலு பேரோட ஆடியிருக்கேன். நீ ரெண்டு பேரோட ஆடிட்டு அங்கன உக்காந்து வடை தின்னுக்கிட்டிருந்த."

ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்தோரம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

டார்லின் அதைப் பார்த்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்காகத் தன் ஆட்டத்தை விடவும் முடியாது.

"அப்போ இன்னைக்கு வேண்டாம், அண்ணாச்சி. கைக்கு ஓய்வு குடுங்க. நாளைக்குக் காலைல வாரேன்."

"கோப்பையை என்னக்கா செய்ய?" என்றான் ஹெப்ரான்.

"அண்ணாச்சி கையில குடுத்து போட்டோ எடுத்துக்கிடுங்க. எனக்கு ஆட்டந்தான் வேணும்."

பூதலிங்கம் ஹெப்ரான் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நோட்டீஸ் அடிச்சது நீதான? காலைல வந்து மண்டபத்தைத் தொற."

மறுநாள் டார்லின் வேலைக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். மண்டபத்தில் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பூதலிங்கம் வந்தார். ஹெப்ரான் நடுவராக உட்கார்ந்தான். வேறு யாரும் வரவில்லை. மூன்று செட்டில் இரண்டை எடுத்தவருக்கு ஆட்டம். முதல் செட்டை டார்லின் வென்றாள். அடுத்த இரண்டையும் பூதலிங்கம் வென்றார். டார்லின் அவருக்குக் கை கொடுத்தாள். மூவரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அவள் வேலைக்குப் போனாள்.