மாமா வீட்டு 4K

என் அக்கா வீட்டுக்காரர் எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் அளவைத்தான் முதலில் சொல்வார். பிரிட்ஜ் இத்தனை லிட்டர், இன்வெர்ட்டர் இத்தனை வாட். அது வேலை செய்கிறதா என்று கேட்டால் கோபம் வரும். மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சிதம்பரத்தில் இருக்கிற எனக்கு ஒருநாள் போன் வந்தது.

"மச்சான், செவுத்துல பாதிக்கு டிவி மாட்டிட்டேன். 4K. கடலூர்ல இந்த சைசு எவன்ட்டயும் இல்ல."

"நல்லது மாமா. படம் எப்பிடி வருது?"

மாமா குரலைத் தணித்துக்கொண்டார்.

"படம் வர மாட்டேங்குது. சுத்திக்கினே கெடக்குது. நீ ஒரு நடை வந்துட்டுப் போ."

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பெட்டிக்குள் வரும் கையேட்டைப் பிரித்துப் படிப்பேன், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் இல்லாததால் நான்தான் விஞ்ஞானி.

வேறு எதற்காகவாவது கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் இது அக்கா மகள் விஷயம். ஒரே பெண். கல்லூரி முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தவள், இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் எவரும் மடத்துக்கு வருவதில்லை, அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். வருகிற சனிக்கிழமை அவளுக்கு இறுதி வார்த்தைப்பாடு. அதைச் சொல்லிவிட்டால் சாகும்வரை கன்னியாஸ்திரிதான், வீட்டுக்குத் திரும்புகிற பேச்சே கிடையாது. அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது, விமானம் ஏற முடியாது. மாமாவும் தனியாகப் போக மாட்டேன் என்று இருந்துவிட்டார். மடத்துக்கு எந்த உபகாரியோ நல்ல கேமரா வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், சடங்கை 4K-யில் நேரலையாகக் காட்டப் போகிறார்கள். அதற்குத்தான் இந்த டிவி.

வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது டிவிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள். கம்பெனியில் ஒட்டி அனுப்பியதை அப்படியே விட்டிருந்தார். எச்சில் துப்பித் துடைத்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது.

"இத ஏன் மாமா பிரிக்கல?"

"பிரிச்சா தூசி ஒட்டும்ல?"

உலகத்திலேயே தெளிவான படம் வேண்டும் என்று வாங்கிவிட்டு அதன்மேல் தாளைப் போர்த்தி வைத்திருக்கிற மனுஷரிடம் என்ன பேசுவது? ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். மாமா தன் தோலையே உரித்தது போல முகத்தைச் சுளித்தார்.

அடுத்து ரூட்டர் எங்கே என்று கேட்டேன். பெருமையாக உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அங்கே வீட்டுப் பீடம். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி, பின்புறம் முழுக்க ஜிகினாத் தாள், நடுவில் இருதய ஆண்டவர் சுரூபம், இரண்டு பக்கமும் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள். சுரூபத்தின் காலடியில் ரூட்டர் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. பீடத்து சீரியல் பல்புக்கு என்று அங்கே ஒரு பிளக் பாயிண்ட் இருந்ததாம், அதனால் வசதியாம். இது இரண்டாவது ரூட்டர். முதலாவது, பங்குச்சாமியார் வீட்டை மந்திரித்தபோது தெளித்த தீர்த்தத்தில் நனைந்து செத்துப்போனது. அதற்குப் பிறகாவது இடத்தை மாற்றியிருக்கலாம். கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்.

"நெட்டு கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டான் மச்சான். ஸ்பீடு ஃபுல்லா இருக்குதுன்னு சொல்லிட்டான்."

எப்படிப் பார்த்தான் என்று விசாரித்தேன். பீடத்தின் முன்னால் நின்று அலமாரிக் கதவைத் திறந்து, ரூட்டருக்குப் பக்கத்திலேயே தன் போனைப் பிடித்து, முள் ஏறுவதைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். சமையற்கட்டில் நின்றுகொண்டு கூடத்தில் சாம்பார் வாசனை வருகிறது என்று சொல்கிற கதைதான். டிவி இருப்பதோ இரண்டு சுவர் தாண்டி. கஸ்டமர் கேரில் ஒரு பெண் குரல் தினமும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார் என்று சொல்லியிருக்கிறது. மாமாவும் தினமும் அதையே செய்து, தினமும் புகார் எண் வாங்கி வைத்திருந்தார். புகார் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அந்தக் காலத்து ஆபீஸ் புத்தி.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 4K என்றால் படத்தில் புள்ளிகள் ஜாஸ்தி. புள்ளிகள் ஜாஸ்தி என்றால் ஒவ்வொரு நொடியும் வந்து சேர வேண்டியதும் ஜாஸ்தி. இரும்பையும் ஜிகினாவையும் இரண்டு சுவர்களையும் தாண்டி அவ்வளவும் வராது. கம்பியில்லாமல் வராததைக் கம்பியில் கொண்டுவர வேண்டியதுதான். சிதம்பரத்தில் மேலவீதிக் கடை ஒன்றில் நீளமான நெட்வொர்க் ஒயர் வாங்கிப் பையில் போட்டு வந்திருந்தேன். ரூட்டரிலிருந்து வாசற்படி ஓரமாக இழுத்து, கூடத்துச் சுவரோரமாகவே கொண்டுபோய் டிவியின் முதுகில் சொருகினேன்.

"திருவிழா மைக்செட்டு மாரி இருக்குது. சாமியார் வரும்போது இத கழட்டிடலாமா?"

"கழட்டினா சாமியார் சுத்துறதத்தான் பாப்பாரு."

சோதனைக்கு ஏதோ வெளிநாட்டுக் கிளிகள் படம் போட்டோம். இறகு இறகாகத் தெரிந்தது. ஒரு கிளி கண்ணைச் சிமிட்டியபோது மாமா கைதட்டினார். தரத்தை 'ஆட்டோ'வில் விட்டுவிடலாம், லைன் மந்தமானால் அதுவே குறைத்துக்கொள்ளும், படம் நிற்காது என்று சொன்னேன். கேட்கவில்லை. ரிமோட்டை வாங்கி 2160 என்று இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து அழுத்தினார்.

"4K வாங்கிட்டு கொறச்சிப் பாக்கறதுக்குப் பழைய டிவியே போதுமே மச்சான்."

அக்கா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டில் நின்றிருந்தாள். மகள் மடத்துக்குப் போனதில் அவளுக்கு ஒருநாளும் சம்மதம் இருந்ததில்லை. காப்பி கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"கடைசி நிமிஷத்துல மனசு மாறுறவங்களும் இருக்காங்கல்லடா?"

"யாரு?"

"பண்ருட்டில முந்திரி யாவாரி பொண்ணு ஒண்ணு. சாமியார் கேள்வி கேக்கறாரு, வாயத் தொறந்தா, பதில் சொல்லாம எழுந்து வந்துட்டா. இப்ப ரெண்டு புள்ள."

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாப்பழத்தோடு சேர்த்து விற்கிற கதை இது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் பிஷப் முன்னால் எழுந்து வர இவள் என்ன பைத்தியமா என்றேன். அக்கா டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடானதும் கூட்டம் சேர ஆரம்பித்தது. மாமா அன்பியத்தில், அதாவது தெருவாரியாகக் கூடி ஜெபம் சொல்லுகிற குழுவில், எல்லாக் குடும்பத்தையும் அழைத்திருந்தார். திட்டக்குடியிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், கேசரி, மிக்சர். முன் வரிசையில் பங்குச்சாமியார். கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலப் பட்டுச்சேலைகள். டிவியைப் பார்க்கப் பட்டுச்சேலை கட்டி வந்தவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். அக்காவைச் சோபாவில் நேர் எதிரே உட்கார வைத்திருந்தார்கள். அவள் மட்டும் வீட்டில் கட்டும் நூல் சேலையில் இருந்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காக வந்தது. கோயில், பூ, பாட்டு. பிறகு அக்கா மகள் வெள்ளை அங்கியில் நடந்து வந்தாள். கூடமே "ஆ" என்றது. பிஷப் எதிரே முழங்கால் போட்டாள். அவர் ஏதோ புத்தகத்தைப் பார்த்து நிதானமாகக் கேள்வி கேட்டார், வாழ்நாள் முழுவதும் இருக்கச் சம்மதமா என்கிற கேள்வி. அவள் தலையைத் தூக்கினாள். வாய் லேசாகத் திறந்தது.

அப்படியே நின்றது. அவள் முகத்தின் நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது.

உடனே எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார் ஒருவர். கடல் பக்கம் மேகம் இருக்கிறது, அதுதான் என்றார் இன்னொருவர். நெட்டு பூமிக்கடியில் ஒயரில் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் கரெண்டு போயிருக்கும் என்றது திட்டக்குடி வேன். பங்குச்சாமியார் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லலாமா என்று கேட்டார். நான் மாமாவிடம் ரிமோட்டைக் கேட்டேன், தரத்தைக் குறைக்கிறேன் என்று. இத்தனை பேர் முன்னாலேயா என்று கண்ணாலேயே கேட்டு, ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஒயரைத் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தெரியுதா? நல்லாத் தெரியுதா?"

"சுத்துது ஆன்ட்டி," என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கிற மகனுக்கு, துபாயில் இருக்கிற மருமகனுக்கு, பாண்டிச்சேரியில் இருக்கிற நாத்தனாருக்கு என்று ஆளாளுக்கு வீடியோ கால் போட்டு டிவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மகனும் மருமகனும் அதே நேரலையைத் தங்கள் போனிலேயே நேராகப் பார்த்திருக்கலாம். லிங்க்கை அனுப்பத் தெரியாது, அல்லது அனுப்பினால் மரியாதையாக இருக்காது. எல்லாம் மாமாவின் வைஃபையில். போன ஞாயிறு அன்பியக் கூட்டத்தில் அவரே பாஸ்வேர்டை எழுந்து நின்று அறிவித்திருக்கிறார், நம்ம வீட்டு நெட்டு, தாராளமா யூஸ் பண்ணுங்க, சொந்தக்காரங்களுக்கும் காட்டுங்க என்று. படம் உள்ளே வருகிற வழியில் இவர்கள் அத்தனை பேரும் குறுக்கே நின்றுகொண்டு, படம் வரவில்லை என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் காதில் சொன்னேன்.

"வந்தவுங்களப் போய் போன நிறுத்துன்னு எப்பிடிடா சொல்றது? அசிங்கமா இருக்காது?"

"படம் நிக்கிறது அசிங்கமா இல்லியா?"

"அது டெக்னிக்கல் ப்ராப்ளம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற மகள் வாழ்க்கையைக் கொடுக்கிற நேரத்தில் விருந்தாளிக்கு வைஃபை குறையக் கூடாது என்று கவலைப்படுகிற தகப்பனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"விடுடா. கொஞ்ச நேரம் சுத்தட்டும்."

பாவம், எல்லோரையும் பொறுத்துப் பொறுத்தே பழகிப்போனவள் என்று நினைத்தேன். அயர்லாந்தில் எப்போதோ சொல்லி முடித்திருப்பார்கள், இங்கே இவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

"இருக்கா. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

கையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். பீடத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ரூட்டரின் பின்னால் வைஃபையை மட்டும் நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஒயரில் இருக்கிற டிவிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இருதய ஆண்டவரின் காலடியில் விரலை விட்டு அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். ஒரு விளக்கு அணைந்தது. கூடத்திலிருந்து வரிசையாக "ஹலோ? ஹலோ?" என்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது.

நான் திரும்பி வந்தபோது வட்டம் போய்விட்டிருந்தது. படம் முன்பு பார்த்த கிளியைவிடத் தெளிவாக இருந்தது. அக்கா மகளின் முகவாய் மச்சம் தெரிந்தது, உதட்டில் குளிரில் வெடித்த கோடு தெரிந்தது. திறந்திருந்த வாயால் இங்கிலீஷில், சத்தமாக, கொஞ்சமும் தயங்காமல், சம்மதம் என்று சொன்னாள். கூடம் முழுக்கக் கைதட்டியது. பங்குச்சாமியார் சிலுவை போட்டார். மாமா எழுந்து நின்று எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இதான் 4K."

நான் அக்காவைப் பார்த்தேன், இந்தக் கும்பலில் அவள் ஒருத்தியாவது எனக்கு நன்றி சொல்வாள் என்று. அவள் டிவியைப் பார்க்கவில்லை. இரண்டு நாளாக நான் அந்த வீட்டில் ஒவ்வொருவரையும் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ ஹலோன்னதுல பாதி பேரு பாக்கல," என்றார் மாமா, ரிமோட்டை எடுத்துக்கொண்டு. "பின்னாடி தள்ளி அந்த எடத்த மறுக்கா போடட்டுமா?"

"எதுக்கு?" என்றாள் அக்கா. வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்துகொண்டாள். "இனிமே எத்தினி தடவ போட்டாலும் அதையேதான சொல்லுவா."