ஓசூரில் மூன்று நாள் அறை

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் கம்பெனி எங்களுக்கு மூன்று நாள் அறை போட்டிருந்தது. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்திருந்தோம்; கணவருக்கு இங்கே புது வேலை. பேசி வைத்திருந்த வீட்டை, நாங்கள் வந்து இறங்குவதற்கு முதல் நாள் வீட்டுக்காரர் வேறு யாருக்கோ விட்டுவிட்டார்.

"நீ பாப்பாவக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரு. வீடு கெடைச்சதும் கூப்பிடுறேன்" என்றார் கணவர்.

அப்படிப் போய் இரண்டு வருஷமாகக் கூப்பிடப்படாமல் இருந்தவளை எனக்குத் தெரியும். என் சொந்த அக்கா. "மூணு நாள் இருக்குல்ல, நான் பாக்குறேன்" என்றேன்.

அவர் காலை ஷிப்டுக்குப் போனதும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே செல்போன்தான்; அதுவும் அவரிடம். 'வாடகைக்கு' என்று அட்டை மாட்டிய வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில் கறி சமைக்கக் கூடாது என்றார்கள். ஒரு வீட்டில் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மற்ற எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "ஷிப்டா?" ஆமாம் என்றால் பேச்சு முடிந்தது.

மத்தியானம் அறைக்கு வந்து மகளின் துணிகளைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். மேனேஜர் மாடியேறி வந்தார். "மேடம், ரோட்டுல இருந்து பாத்தா நல்லா இருக்காதுங்க. எடுத்துருங்க." எடுத்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு நாற்காலி போட்டு அதில் விரித்தேன். சாயங்காலம் மறுபடி போனேன். மறுநாளும் போனேன். கால் வீங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, அறை கூட்ட வந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி, இப்போது ஓசூரிலேயே குடியிருக்கிறாள். "எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா மாடி காலியா இருக்குதுங்க. ஆனா யார் போனாலும் திருப்பி அனுப்பிருது" என்றாள்.

பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தேன். மேனேஜரிடம் கேட்டு, பெட்டிகளை ரிசப்ஷனிலேயே வைத்துவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன்.

டீச்சரம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தனியாக இருந்தார். அவரும் அதையே கேட்டார். "ஷிப்டா? வேணாம்மா. போன தடவை இருந்தவங்க ராத்திரி வந்து இந்தக் கேட்டத் திறந்தா எனக்கு விடியற வரைக்கும் தூக்கம் வராது."

கேட்டைத் தள்ளிப் பார்த்தேன். கிறீச்சென்று தெருமுனை வரைக்கும் கேட்டது. தோள் பைக்குள் மகளுக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. கீல் இரண்டிலும் ஊற்றினேன், கொண்டியில் கொஞ்சம் தடவினேன்.

"டீச்சர், நீங்க உள்ள போய் வழக்கமாப் படுக்கிற இடத்துல படுங்க. நான் திறந்து மூடுறேன். சத்தம் கேட்டா நான் போயிடுறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தாலும் உள்ளே போனார். மகளை வாசற்படியில் உட்கார வைத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவளும் வாயில் விரல் வைத்துக்கொண்டாள். கேட்டை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி திறந்தேன், மூடினேன். இன்னொரு முறை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். "ஏம்மா, இன்னும் திறக்கலையா?"

"ரெண்டு தடவை திறந்துட்டேன் டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. கேட்டைத் தானே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் இப்படித் தூக்கித் திறப்பாரா?"

"திறக்க வைக்கிறேன்."

"கறி சமைப்பியா?"

"சமைப்பேன்." அதில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்கும் கொஞ்சம் குடு" என்று சொல்லிவிட்டு மாடிச் சாவியை எடுத்து வரப் போனார்.

ஓட்டலுக்குத் திரும்பி ஒரு ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றினேன். ரிசப்ஷன் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசி, வீட்டு அடையாளத்தை ஆபீஸ் ஆளிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து கணவர் வந்து சேர்ந்தபோது மாடியைக் கூட்டிக் கழுவி முடித்திருந்தேன். ஈரத் தரையில் கால் வைக்கத் தயங்கி நின்றவரை, முதலில் கீழே கூட்டிப்போய்க் கேட்டைத் திறக்கப் பழக்கினேன்.