முதுகுக்குப் பின்னால் ஒரு குசலம்

அந்த விலங்குக் காட்சிசாலையில் எல்லோரும் அவரை மாமனார் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், அவர் பராமரித்த ஆண் புலி. "வேலை வெட்டி கிடையாது, வேளா வேளைக்குக் கறி, கேட்டா ஒரு முறைப்பு. இவன் மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?" என்பார். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு. புலி சிநேகமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக ஃபுர்ர் என்று காற்றை விடும். மாமனாரும் அச்சு அசலாக அப்படியே விடுவார்.

அதில்தான் வந்தது வினை. காலையில் கறியை வைத்ததும் மாப்பிள்ளை திறந்தவெளியிலிருந்து உள்ளறைக்கு வரும். வெளியே நின்றபடி இரும்புக் கதவை இறக்கிவிட்டு, மாமனார் திறந்தவெளியைக் கூட்டப் போவார். இறக்குமுன் துவாரம் வழியாக உள்ளே புலி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். மனுஷன் பார்ப்பதே இல்லை! ஃபுர்ர் என்பார், உள்ளிருந்து ஃபுர்ர் வரும், கதவை இறக்கிவிடுவார். "அவன் குரல் எனக்குத் தெரியாதா?" என்று வீம்பு வேறு.

அன்றும் ஃபுர்ர் என்றார். பதில் வந்தது. கதவை இறக்கிவிட்டு, துடைப்பத்தோடு திறந்தவெளிக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஃபுர்ர் என்று கேட்டது.

ஐயையோ! திரும்பினால் பத்தடியில் மாப்பிள்ளை. அப்படியென்றால் உள்ளே யார்? துடைப்பம் கையிலிருந்து நழுவியது. கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நகர்ந்தார். புலியும் ஒவ்வோர் அடியாகக் கூடவே வந்து மறுபடி ஃபுர்ர் என்றது. பதில் சொல்லாவிட்டால் என்ன நினைக்குமோ! வாயை மூடி மூக்கால் ஊதிப் பார்த்தார்; வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் தும்மல் மாதிரி ஏதோ வந்தது. மாப்பிள்ளை நின்றது. அவர் வாசலைத் தாண்டித் தாழைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடையிலிருந்து டாக்டரம்மா ஓடி வந்தாள். கையில் ஒரு ஒலிபெருக்கி. மிருகங்களின் குரல்களைப் பதிவு செய்து ஆராய வந்தவள்.

"அண்ணே, உள்ளறைப் பக்கம் இதைப் போட்டுப் பார்க்கப் போறேன்னு நேத்தே சொன்னேனே! வேற புலி இருக்குன்னு நினைச்சுத்தான் இவன் உள்ள வரல போல."

"வேற புலியா?"

"ஆமா. இது வேற ஊர்ப் புலியோட பதிவு, விட்டு விட்டு ஓடிட்டிருந்துச்சு. குரலே ரொம்ப கட்டையா இருக்குமே. உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?"

மாமனார் அவள் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார். ஒரு பெட்டிக்கா குசலம் சொல்லிவிட்டுப் போனார்?

மாப்பிள்ளை கம்பியருகே வந்து கன்னத்தைத் தேய்த்தது. ஃபுர்ர் என்றுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் பதில் சொல்லவில்லை.