சக்கர நாற்காலியும் லயத்துப் படிகளும்

எங்கள் உத்தியோகத்துக்குப் பட்டம் கேட்பார்கள், பரீட்சை வைப்பார்கள், நேர்முகத்தில் அரசியலமைப்பைப் பற்றிக்கூட விசாரிப்பார்கள்; முழங்காலைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் நுவரெலியாப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளைத் தேடிப்போய், யாருக்கு என்ன தேவை என்று பார்த்து, சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ காது கேட்கும் கருவியோ கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் என்றால் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் ரோட்டுக்குக் கீழே கிடக்கும். ரோட்டோரத்து லயம் என் பங்குக்கு வந்ததே இல்லை. மழையில் வழுக்கி, அட்டைக்கடி வாங்கி, போன வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிய கிராம சேவகர்களே, மருத்துவமாதுக்களே, தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்களே, உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்கள் சும்மா ஒருமுறை கணுக்காலைத் தடவிப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.

நாற்காலிக்கு ஓர் இடம்

கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ராசாத்தி அக்காவுக்குச் சக்கர நாற்காலி கொண்டுபோனோம். கொழுந்து எடுக்கும்போது சரிவில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வேனை விட்டு இறங்கி மேலே பார்த்தேன். லயத்துக்குப் போகக் கல்படிகள் மட்டும்தான். தூக்கிக்கொண்டு ஏறிச் சேர்ந்தால், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நாற்காலி திரும்பக்கூட இடமில்லை. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் அலுமாரி, நடுவில் எங்கள் பளபளக்கும் நாற்காலி, அதைச் சுற்றி விழிபிதுங்கி நாங்கள்.

அவருடைய கணவர் சிவலிங்கம் அண்ணன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாங்களும் பின்னால் இறங்கினோம். கீழே ரோட்டோரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு, மா மூட்டையை ஒருபக்கமாக இழுத்துப் போட்டார். "இங்கயே நிக்கட்டும் தங்கச்சி. கடை பூட்டுறப்ப உள்ள தள்ளி வச்சிருவேன்" என்றார்.

பிறகொரு நாள் அந்த வழியாகப் போனேன். வேலை விட்டு வந்த அண்ணன், அக்காவைத் தள்ளிக்கொண்டு கோயில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அக்கா போவோர் வருவோர் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் விடவில்லை. வேனை நிறுத்தி, "வீட்டுக்குள்ள வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு பார்க்கவா அக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள எதுக்கு மிஸ் நாற்காலி? வீட்டுக்குள்ளதானே இத்தன வருசமா கெடந்தேன்!"

காது கேட்ட பிறகு

அந்தோனி ஐயா தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவர். ஓய்வு பெறும்போது காதும் ஓய்வு பெற்றுவிட்டது. ஹட்டனில் நாங்கள் நடத்திய கிளினிக்கில் அவருக்குக் கருவி மாட்டினோம். மாட்டியதும் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே பஸ் நடத்துனர்கள் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். "டிக்கோயா, டிக்கோயான்னு கத்துறான்!" என்று எங்கள் எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். கண்ணில் தண்ணீர்.

அவருடைய மனைவி மேரியம்மா மட்டும் முகம் வாடி நின்றார். என்னைத் தனியாக அழைத்துப்போய், "இவருக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல நான் வாய்க்கு வந்தபடி பேசிப் பழகிட்டேன் மிஸ். இனி கோவம் வந்தா நான் எங்க போவேன்?" என்று ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் புதுக்கருவி நல்ல கருவி. ஐயா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"காதுதான் கேக்கல மேரி, நீ வாய அசைக்கிறது தெரியும்தானே. ஒண்ணு விடாம தெரியும். நீ பாட்டுக்குப் பேசு."

பூட்டு

ஒரு தோட்டத்தில் பகலில் வெளியே பூட்டிய காம்பராவுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "அது செல்வியோட மக, புத்தி வளராத புள்ள" என்றார்கள். செல்வி கொழுந்து மலையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். நெஞ்சுக்குள் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது.

செல்வி வந்ததும் கூடையை இறக்குமுன்பே கதவைத்தான் திறந்தார். உள்ளேயிருந்து வந்த அமுதா தாயைவிட உயரம். வந்தவுடன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டார். "தெரியும் மிஸ், என்ன நெனைக்கிறீங்கன்னு. தொறந்து விட்டுட்டுப் போனேன் ஒரு நா. ஆத்துல எறங்கி நின்னா. கழுத்துவரைக்கும் தண்ணி. நான் வேலைக்குப் போகாட்டி ரெண்டு பேருக்கும் சோறில்ல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?" பிரசங்கத்தை நான் அப்படியே விழுங்கினேன்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியின் பெயர் லூர்து அக்கா. பகலில் அமுதாவையும் அங்கே வைத்திருக்க முடியுமா என்று அவரிடம் போய்க் கேட்டேன். முதலில் தயங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயம்தான். தாயையும் பிள்ளையையும் ஒருநாள் கூட்டிவந்து விடுங்கள், பார்ப்போம் என்றார். அன்றைக்கு ஏணையில் கிடந்த ஒரு குழந்தை ஓயாமல் வீரிட்டது. அமுதா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினாள். குழந்தை தூங்கியும் நிறுத்தவில்லை. லூர்து அக்கா என்னைப் பார்த்து, "நாளைக்கும் வரட்டும்" என்றார். இப்போது அமுதா தினமும் அம்மாவோடு இறங்கி, பிள்ளைக் காம்பரா வாசலில் பிரிந்துகொள்கிறாள். சில நாள் அடம்பிடிப்பாள், சில நாள் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவாள். இருந்தாலும் போகிறாள். ஒரு நாள் மலையில் செல்வியைக் கண்டேன். தூரத்திலிருந்தே கத்திச் சொன்னார்.

"மனசு பாதி வீட்டுல கெடக்கும் மிஸ் முந்தியெல்லாம். இப்பத்தான் ரெண்டு கையாலயும் கொழுந்து பறிக்கிறேன்!"

மொழிபெயர்ப்பாளருக்கு ஓய்வு

எங்களோடு வரும் பிசியோதெரபிஸ்ட் சமனுக்குத் தமிழில் 'வணக்கம்', 'வலிக்குதா' இரண்டும்தான் தெரியும். வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்ல ஆரம்பித்தால் அதற்குமேல் நான்தான். ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காலையிலிருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஓடி என் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியாக வந்தவர் கணேசன், பிறவியிலேயே காது கேளாதவர், பேசவும் மாட்டார். மரம் வெட்டும்போது முழங்கை உடைந்து, பொருந்திய பின்னும் மடங்கவில்லை.

நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் போவதற்குள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கணேசன் கோடரி ஓங்கினார், மரமாகவும் விழுந்தார், வலியில் துடித்தும் காட்டினார். சமன் தன் கையை மடக்கி நீட்டி, சூரியன் உதிப்பதுபோல ஒருமுறை, மறைவதுபோல ஒருமுறை காட்டினார். காலையும் மாலையும் செய்யவேண்டும் என்று எனக்கே விளங்கியது. சிரிப்பு வேறு. கணேசன் சமனின் தோளைத் தட்டிவிட்டுப் போன பிறகு, சமன் என்னிடம் சிங்களத்தில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"இன்னைக்கு முழுக்க நான் நேருக்கு நேர் பேசின ஒரே ஆள் இவர்தான் மிஸ்."

பிந்தி வந்த ஆசனம்

பட்டிப்பொல பக்கத்துத் தோட்டமொன்றில் தர்ஷினி என்ற சின்னப்பிள்ளை இருந்தாள். தானாக உட்கார முடியாது, தலை நிற்காது. அம்மா புவனா மடியில் சாய்த்துவைத்துத்தான் ஊட்டுவார். அளவெடுத்துக்கொண்டு போய், பிள்ளை சாய்ந்து உட்காருவதற்கென்றே ஒரு மர ஆசனம் செய்யக் கொடுத்தோம். பட்டறையில் தாமதம், பிறகு மண்சரிவில் பாதை மூடியது. ஒருவழியாக ஆசனத்தோடு போனபோது புவனா லயத்து வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அதன்பிறகுதான், "சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு மிஸ். போன மாசம்" என்றார்.

ஆசனத்தை வேனுக்கு எடுத்துப்போகச் சாரதிக்குக் கண்காட்டினேன். புவனா அதன்மேல் கை வைத்துவிட்டார். துணியை விலக்கி, சாய்மானத்தைத் தடவி, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். "மேல் லயத்துல விஜியோட மக இருக்கு. இதே மாதிரிதான். வாங்க" என்று முன்னால் நடந்தார். விஜி வீட்டில் பிள்ளையை உட்கார வைக்க நான் குனிந்தேன். புவனா என்னை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே தூக்கி வைத்தார். கால் எங்கே, கை எங்கே என்று அவருடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது. தலை ஒருபக்கமாகச் சரிந்ததும் தன் சால்வையை மடித்து அண்டக் கொடுத்தார். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்தது. விஜி அழுதுவிட்டார். புவனா அழவில்லை. ஆசனத்தை வாசலை நோக்கிச் சற்றே திருப்பி வைத்துவிட்டு விஜியிடம் சொன்னார்.

"செவுத்தப் பாக்க வச்சிராத புள்ள. ஆளுங்க போறது வாறது தெரியணும். அது அவளுக்கு ரொம்பப் புடிக்கும்."

இந்த வேலையே வேண்டாம் என்று நான் நினைப்பது மழை பெய்யும் நாட்களில் மட்டும்தான். என்ன செய்வது, நுவரெலியாவில் மழை பெய்யாத நாள்தான் குறைவு.