பக்கத்து நாற்காலியில் அயர்லாந்து

அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. மகளின் படிப்புக்காக அவளும் மனைவியும் கோயம்புத்தூருக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அபுதாபியில் தனியாக இருப்பவனுக்கு வாரத்தில் இரண்டு விடுமுறை நாட்கள் அதிகம். அவற்றைக் கிரிக்கெட் மைதானங்களில் கழித்தேன். யாரும் கேட்காமலே, பந்துக்குப் பந்து, என் சொந்த ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவேன். ஆடுபவர் தடுத்து நிறுத்தினால் ஒரு புள்ளி வைப்பேன். பந்து மட்டையை ஏமாற்றிப் போனால் சிறிய பெருக்கல் குறி. ரன் இல்லாத பந்துகளுக்குள் இப்படி வேறுபாடு பார்ப்பது என் பழக்கம்.

அயர்லாந்துப் பெண்கள் அணி ஒரு தொடருக்காக வந்திருந்தது. அதற்கு முன் மூன்று பயிற்சி ஆட்டங்கள், பெரிய அரங்கத்துக்குப் பின்னாலிருந்த சிறிய மைதானத்தில். ஒளிபரப்பு கிடையாது, இணையத்திலும் ஸ்கோர் வராது. முதல் சனிக்கிழமை நானும், புல்லுக்குத் தண்ணீர் விடும் ராமநாதபுரத்துக்காரரும்தான் வெளியாட்கள்.

"என்னண்ணே, லீவு நாள்லயும் டூட்டியா? ஓவர்டைம் உண்டுமா?" என்றார் அவர்.

"மாஃபி," என்றேன். 'இல்லை' என்பதற்கு இங்கே எல்லார் வாயிலும் வரும் அரபுச் சொல்.

"அப்ப ரூம்ல ஏசியப் போட்டுட்டுப் படுக்குறத விட்டுட்டு இந்த வெயில்ல என்னத்த எழுதுறீங்க?"

பதில் யோசிப்பதற்குள் அயர்லாந்துச் சீருடையில் ஒரு பெண் பெரிய புத்தகத்தோடு வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். பள்ளி இறுதித் தேர்வை அப்போதுதான் முடித்தவள். லெக் ஸ்பின் போடுபவள். முதல் வெளிநாட்டுப் பயணம். பதினொருவரில் இடம் கிடைக்காதவர்களில் இளையவர் அணியின் புத்தகத்தை எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம்.

"உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கறாங்க?" என்று தன் வேகமான ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாரும் இல்லை."

"எனக்கும் அதே சம்பளம்தான்."

ஸ்கோர் எழுதுவது இருவர் வேலை. ஒவ்வோர் ஓவர் முடிந்ததும் ஒருவர் மொத்தத்தைச் சொல்ல, மற்றவர் தன் புத்தகத்தைப் பார்த்து 'சரி' என்பார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு 'சரி' சொல்ல ஆளே இருந்ததில்லை. அன்று இருந்தது. ஓவருக்கு ஒரு முறை இரண்டே சொற்கள். அதற்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

ஞாயிறன்றும் அதே நாற்காலிக்கு வந்தாள். வலக்கையில் பேனா, இடக்கையில் ஒரு பழைய பந்து.

"இன்னும் ஒரு மேட்ச்தான் இருக்கு. அதுலயும் என்னை டீம்ல எடுக்கலைன்னா இந்தத் தொடர் முழுக்க நான் கிளார்க்குதான்."

"கிளார்க் வேலையும் மோசமில்லை," என்றேன்.

"நீங்க கிளார்க்கா?"

"இருபது வருஷமா."

"ஸாரி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு சமோசா வாங்கிக்கொண்டு போனேன். நாற்காலி காலியாக இருந்தது. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவருக்குப் பதில் இவள் ஆடினாள். அவர் காலில் ஐஸ் வைத்தபடி உடைமாற்றும் அறைக்குள்ளிருந்து புத்தகம் எழுதினார்.

குடிநீர் இடைவேளைக்குப் பிறகு அவள் கைக்குப் பந்து வந்தது. நான்கு எட்டு வைத்து வந்து போட்டாள். ஓவர் முடிந்ததும் வழக்கம்போல் மொத்தத்தை வாய்விட்டுச் சொன்னேன். 'சரி' வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தால் அவள் வரிசையில் ஐந்து குறிகள்தான் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஆறாவது பந்தை எழுத மறந்துவிட்டேன். மொத்தம் மைதானத்து ஸ்கோர் பலகையோடு பொருந்தியதால் ரன் போகவில்லை என்பது உறுதி. ஆனால் புள்ளியா, பெருக்கல் குறியா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மூன்று ஓவர் போட்டாள். விக்கெட் இல்லை. அவள் பந்தில் ஒரு கேட்ச் நழுவியது. ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து தன் வரிசையைக் காட்டச் சொன்னாள். காலியான கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"இது?"

"எழுத விட்டுப்போச்சு. அந்தப் பந்து மட்டையில பட்டுதா?"

நெற்றியைச் சுருக்கினாள். "தெரியலை. ஓவர் முடிஞ்சாப் போதும்னு இருந்தேன். பெருக்கல் குறி போட்டுடுங்களேன்."

பேனாவைத் திறந்தேன். கை போகவில்லை.

"போட மாட்டீங்க," என்றாள். "எனக்குத் தெரியும்." ஆறிய சமோசாவை எடுத்துக்கொண்டு பேருந்தை நோக்கி ஓடினாள்.

மூன்று நாள் கழித்து, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது, தொடரின் முதல் ஆட்டத்துக்கான பதினொருவர் பட்டியல் போனில் வந்தது. கடைசிப் பெயர் அவளுடையது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு இன்னொரு முறை படித்தேன். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அரங்கத்துக்குப் போனேன். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். நடுவில் ஒன்றில் உட்கார்ந்து, புதுப் பக்கத்தின் மேல் அன்றைய தேதியை எழுதினேன்.